தரிப்பிடச் சுவரில் ஊர்ப் பெயரை ரைல்ஸில் பதிப்பது எப்படி: நிலக்கீழ் ரயில் நிலையங்களைப் பார்த்துக் கற்ற வேலை

ஏ-35 வீதியால் பரந்தனில் இருந்து முல்லைத்தீவுப் பக்கம் பஸ்ஸில் போய் வருகிறவர்களுக்குத் தெரியும், பொழுது பட்டுவிட்டால் எந்தத் தரிப்பிடம் எந்த ஊர் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. எல்லாம் ஒரே மாதிரி. நாலு தூண், மேலே கூரைச் சீற், பின்னால் ஒரு பூசின சுவர், அதிலே பாதி கிழிந்த நோட்டீஸ். கொண்டக்டர் தம்பி கூப்பிட்டுச் சொன்னால் இறங்கலாம், இல்லாவிட்டால் அடுத்த சந்தியில் இறங்கி நடந்து வர வேண்டியதுதான். அந்தப் பின்சுவரில் ஊர்ப் பெயரும் ஊருக்கென்று ஒரு படமும் ரைல்ஸில், அதாவது சுவரில் ஒட்டுகிற ஓட்டுத் துண்டுகளில், பதித்துவிட்டால் இந்தக் கஷ்டம் தீரும், வெயிலுக்கு வெளிறாது, மழைக்கு உரியாது. ஒரு சனசமூக நிலையத்துப் பெடியள் நாலைந்து பேரும் வேலை தெரிந்த ஒரு மேசனும் சேர்ந்தால் இரண்டு கிழமையில் முடிக்கலாம். எப்படி என்று முழுக்கச் சொல்கிறேன்.

நான் கிளிநொச்சியில் ரைல்ஸ் பதிக்கிற வேலை செய்கிறவன். எங்கள் பக்கம் மாபிள் வேலை என்றுதான் சொல்லுவார்கள். வேலை எனக்குப் புதிதில்லை, ஆனால் இந்த யோசனை வந்தது தங்கச்சி வீட்டுக்கு லண்டன் போய் ஐந்து கிழமை நின்றபோது. அங்கே நிலக்கீழ் ரயிலில் ஒரு பாதைக்குப் பெயரே ‘நோதர்ன் லைன்’. யாழ்தேவி ஓடுகிற எங்கள் வடக்குப் பாதையின் ஞாபகம் வந்து, அந்தப் பாதையில் ஒவ்வொரு நிலையமாக இறங்கி இறங்கிச் சுவரைப் பார்த்தேன். ரயிலைப் பார்க்கவில்லை, சுவரைத்தான் பார்த்தேன்.

1906, 1907 காலத்தில் லெஸ்லி கிறீன் என்கிற கட்டடக் கலைஞர் அங்கே நாற்பதுக்கும் மேற்பட்ட நிலையங்களை வரைந்து கொடுத்திருக்கிறார். இன்றைய பேக்கர்லூ, பிக்கடிலி, நோதர்ன் என்கிற மூன்று பாதைகளிலும் அவர் கைவேலை இருக்கிறது. வெளி முகப்பு எல்லாவற்றுக்கும் ஒரே நிறம், காய்ந்த இரத்தம் மாதிரி ஒரு கருஞ்சிவப்பு, மினுங்குகிற சுட்ட மண் கட்டிகள். கீழே மேடைக்கு இறங்கினால் மட்டும் கதை வேறு. ஒரு நிலையத்தில் மஞ்சளும் வெள்ளையும், இன்னொன்றில் பச்சை, மற்றதில் மண்ணிறம், கோலமும் நிலையத்துக்கு நிலையம் வேறு. பெயரை எழுதி ரைல்ஸோடு சேர்த்துச் சுட்டிருக்கிறார்கள். தினமும் போய் வருகிற ஒருவர் எழுத்தைப் பார்க்காமலே நிறத்தை வைத்து இறங்கிவிடலாம். அந்த மனிதர் 1908இல், 33 வயதில் இறந்துவிட்டார். அவர் பதிப்பித்த சுவர்கள் நூறு வருடம் தாண்டி நிற்கின்றன.

இலங்கையில் நிலக்கீழ் ரயில் இல்லை. ஆனால் ஒரே மாதிரி இருக்கிற இடங்களுக்கு வேறு வேறு முகம் கொடுக்கிற வேலை எங்களுக்குத்தான் கூடுதலாகத் தேவை.

படம் எங்கிருந்து எடுப்பது

இதிலேதான் ஆட்கள் முதலில் பிழை விடுவார்கள். தாமரை, மயில், சூரியன் என்று எங்கும் பொருந்துகிறதை வைத்தால் பக்கத்து ஊரும் அதையே வைக்கும், பிறகு வேலை செய்து பலனில்லை. லண்டனில் 1968இல் திறக்கத் தொடங்கிய விக்ரோறியா பாதையில் இதற்கு நல்ல வழி பிடித்திருக்கிறார்கள். மேடையில் இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு ரைல்ஸ் படம், அது பெரும்பாலும் ஊர்ப் பெயரிலோ ஊர்க்கதையிலோ இருந்து வந்தது. ‘ஏழு சகோதரிகள்’ என்று பெயர் உள்ள இடத்தில் ஏழு மரம். முயல் வளைக்கும் சிக்கலான ஒழுங்கைகளுக்கும் சொல்கிற ஒரு சொல் பெயரில் இருக்கிற வாரன் ஸ்றீற்றில், வழி கண்டுபிடிக்க நிமிடக்கணக்கு எடுக்கிற ஒரு புதிர்ப்பாதை. நியூயோர்க்கில் 1904இல் திறந்த பாதையில் அஸ்ரர் பிளேஸ் என்ற நிலையத்தில் மரம் கடிக்கிற பீவர் என்ற விலங்கைப் பதித்திருக்கிறார்கள், அந்த அஸ்ரர் குடும்பம் பீவர்த் தோல் வியாபாரத்தில் பணம் சேர்த்தது என்பதால்.

எங்கள் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். இதைவிட வசதியான பெயர்கள் யாரிடம் இருக்கின்றன? புளியங்குளம் என்றால் ஒரு புளியங்கொப்பும் கீழே மூன்று நீர்வளையமும். மாங்குளத்துக்கு மாங்காய். முரசுமோட்டைக்கு முரசு. ஆனையிறவுக்கு வரிசையாக நடக்கிற ஆனைகள். இரணைமடு என்ற பெயரிலேயே இரட்டை இருக்கிறது, இரண்டு வட்டம் ஒன்றை ஒன்று தொட்டபடி நின்றால் போதும், அதற்கு மேல் எதுவும் வேண்டாம். பெயரில் படம் இல்லாத புதிய குடியேற்றத் திட்டம் என்றால் ஊரில் வயது போன மூன்று பேரைக் கேளுங்கள், ‘இந்தச் சந்தியை முந்தி என்னவென்று சொல்லுவீர்கள்’ என்று. ‘பாலைமரத்தடி’, ‘மில்லடி’ என்று ஏதாவது வரும். அதுதான் படம்.

படம் எளிமையாக இருக்க வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் இருந்து மூன்று செக்கனில் பிடிபட வேண்டும். மூன்று நிறத்துக்கு மேல் போகாதீர்கள்.

கொப்பியில் வரைவது, கணக்குப் பார்ப்பது

பிள்ளைகளின் கணக்குக் கொப்பி, சதுரக் கோடு போட்டது, ஒன்று எடுங்கள். ஒரு கட்டம் ஒரு ரைல் துண்டு. கடையில் கிடைக்கிற 30 சென்ரிமீற்றர் சதுர ரைலை ஒன்பதாக வெட்டினால் சிறு துண்டு கிடைக்கும், ஆனால் ஒன்று 10 சென்ரிமீற்றர் வராது. வெட்டுகிற தகடு 2 மில்லிமீற்றர் தின்னும், ஒரு பக்கத்துக்கு இரண்டு வெட்டு, ஆகவே 300இல் 4 போக மீதியை மூன்றால் பிரித்தால் துண்டு 98.7 மில்லிமீற்றர். இதைக் கணக்கில் எடுக்காமல் 10 என்று வைத்துக் கோடு போட்டால் சுவரின் அந்தத்தில் வந்து நிற்கும்போது எல்லாம் பிசகியிருக்கும்.

சுவர் 3.6 மீற்றர் நீளம் என்று வைப்போம். துண்டுக்கு இடையில் 3 மில்லிமீற்றர் விடுகிறோம். நடுவில் ஒரு முழுத் துண்டை வைத்து இருபக்கமும் அடித்துக்கொண்டு போனால் 35 துண்டு வரும், இரண்டு அந்தத்திலும் 2 சென்ரிமீற்றர் கூட இல்லாத ஒரு கீற்று மிஞ்சும். அது வெட்டவும் வராது, ஒட்டவும் நிற்காது, பார்க்கவும் அவலட்சணம். நடுவில் துண்டுக்குப் பதிலாக இடைவெளி வருகிற மாதிரி நகர்த்தினால் 34 முழுத் துண்டும் இரண்டு பக்கமும் 7 சென்ரிமீற்றர் வெட்டுத் துண்டும் வரும். அதுதான் சரி. ஓரத்துண்டு பாதிக்குக் குறையக்கூடாது என்பது இந்த வேலையில் மாறாத விதி, பாதிக்குக் குறைந்தால் நடுவை அரைத் துண்டு நகர்த்த வேண்டும், அவ்வளவுதான்.

உயரம் 12 வரிசை வைத்தால் 1.22 மீற்றர், நாலு அடி. ஓரத்தையும் சேர்த்து 36 பெருக்கல் 12, மொத்தம் 432 துண்டு, பெரிய ரைல் 48. உடைவுக்கு ஏழு சேர்த்து 55 வாங்குங்கள். நிறவாரியாகக் கொப்பியில் கட்டங்களை எண்ணி, ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கணக்குப் போடுங்கள். வாங்கும்போது பெட்டியில் அடித்திருக்கிற தொகுதி இலக்கத்தைப் பாருங்கள், ஒரே வெள்ளை என்று கடைக்காரர் சொன்னாலும் வேறு தொகுதி என்றால் சுவரில் ஏறினதும் தெரியும்.

எந்த ரைல் என்பதும் முக்கியம். பின்பக்கத்தில் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் அது மண் உடம்புச் சுவர் ரைல். உறிஞ்சாமல் துளி அப்படியே நின்றால் போசிலின், அது எடையில் அரை வீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. வெளிச்சுவருக்குப் போசிலின் நல்லது, ஆனால் வெறும் சீமெந்துச் சாந்து அதில் பிடிக்காது, ரைல்ஸுக்கென்று விற்கிற பொலிமர் கலந்த பசை வேண்டும். முகம் மினுக்கமாக இருக்கட்டும். பரிஸ் நகரில் 1900இல் நிலக்கீழ் ரயில் ஓடத் தொடங்கியபோது சுவர் முழுக்க ஓரம் சரித்த வெள்ளை மினுக்க ரைல்ஸ் பதித்தார்கள், அந்தக் காலத்து மங்கலான மின்குமிழ் வெளிச்சத்தை அது திருப்பி அடித்து மேடையை வெளிச்சமாக்கியது. எங்கள் தரிப்பிடங்களில் விளக்கே இல்லை, வருகிற வாகனத்தின் வெளிச்சம்தான். அது பட்டு எழுத்து மினுங்கினால் போதும்.

முதலில் ஒரு பலகையில் ஒட்டிப் பாருங்கள்

லண்டனில் ஓல்ட்விச் என்று ஒரு நிலையம் இருந்தது, 1907இல் திறந்து 1994இல் மூடினார்கள். பாவனையில் இல்லாத அதன் ஒரு மேடையில்தான், மற்ற நிலையங்களைப் புதுப்பிப்பதற்கு முன்னால் புதிய ரைல்ஸ் கோலங்களைப் பதித்துப் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய நிர்வாகமே ஒத்திகை பார்க்கிறது என்றால் நாங்களும் பார்க்கலாம். மூன்றடி ஒட்டுப்பலகை ஒன்றில் உங்கள் நிறத் துண்டுகளையும் ஒரே ஒரு எழுத்தையும் ஒட்டி, அந்தத் தரிப்பிடத்தில் காலையிலும் மத்தியானத்திலும் இரவிலும் வைத்து, வீதியின் மறுகரையில் நின்று பாருங்கள். கடையில் அழகாகத் தெரிந்த கடும் நீலம் இரவில் கறுப்பாகத் தெரியும். ஊர்ச்சனம் என்ன சொல்கிறது என்றும் கேளுங்கள். அவர்கள்தான் நெடுக அதைப் பார்க்கப் போகிறவர்கள். பிரதேச சபைக்கும் இந்தப் பலகையைக் காட்டி அனுமதி கேட்டால் பேச்சு சுலபமாக முடியும்.

சுவர்

சாவிக் கொத்தால் சுவர் முழுக்கத் தட்டுங்கள். கல்லுக் கல்லென்று கேட்டால் பூச்சு பிடித்திருக்கிறது, பொக்கென்று கேட்டால் விட்டிருக்கிறது. விட்ட இடத்தைச் சுற்றிக் கிறைண்டரால் வெட்டி உடைத்துப் புதுசாகப் பூச வேண்டும், புதுப்பூச்சு என்றால் நாலு கிழமை காயவிட வேண்டும், இதிலே அவசரப்படவே கூடாது. ஈரம் ஏறுகிறதா என்று பார்க்க ஒரு பொலித்தீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் ரேப் அடித்து ஒரு நாள் விடுங்கள், உட்பக்கம் வேர்த்திருந்தால் சுவருக்குள் தண்ணீர் வருகிறது. நிலத்தில் இருந்து ஏறுகிற உப்புத்தண்ணீர் வன்னியில் பல இடங்களில் பெரிய பிரச்சினை. பதித்த ரைலின் இடைவெளியில் வெள்ளையாகப் பூத்து, கடைசியில் துண்டையே தள்ளிவிடும். அப்படியான சுவரில் அடியில் ஒன்றரை அடி வெறுமையாக விட்டு அதற்கு மேலே வேலையைத் தொடங்குங்கள்.

பெயின்ட் அடித்த சுவர் என்றால் பெயின்டைச் சுரண்டாமல் ஒட்டாதீர்கள். பசை பெயின்டில் பிடிக்கும், பெயின்ட் சுவரில் பிடிக்காது.

எழுத்து

இந்த வேலையிலே எனக்கு ஆகவும் பிடித்த பகுதி, ஆகவும் கஷ்டமானதும் இதுதான். ஆங்கில எழுத்தைச் சதுரத் துண்டுகளை வைத்தே கட்டிவிடலாம், நேர்க்கோடுகள். தமிழ் எழுத்து வளைவும் சுழியும். சதுரக் கட்டத்தில் அடுக்கினால் ‘ள’வும் ‘ன’வும் ஒன்றாகப் போய்விடும். ஆகவே பின்னணியைச் சதுரத் துண்டிலும் எழுத்தை உடைத்த சிறு துண்டுகளிலும் செய்ய வேண்டும். கடும் நிற ரைலைச் சாக்குக்குள் வைத்துச் சுத்தியலால் தட்டி, பிறகு குறட்டால் நகத்தளவுக்குக் கிள்ளி எடுங்கள். கண்ணாடி போடாமல் இந்த வேலைக்கு ஒருவரையும் இருத்தாதீர்கள், தூள் கண்ணுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான்.

எழுத்தின் உயரம் 30 சென்ரிமீற்றர், கோட்டின் தடிப்பு 5 சென்ரிமீற்றர். எழுத்துக்கு மூன்று வரிசை போதும் என்று நினைப்பீர்கள், ஐந்து வேண்டும். ‘ளி’யின் விசிறி மேலே போகும், ‘கு’வின் சுழி கீழே இறங்கும், மெய்யெழுத்தின் புள்ளி தலைக்கு மேலே நிற்கும். மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை மூச்சு விட இடம் வையுங்கள். புள்ளியைச் சின்னத் துண்டுகளால் செய்யாதீர்கள், ஒரே துண்டை வட்டமாகத் தேய்த்து வையுங்கள், கோட்டுத் தடிப்பைவிடக் கொஞ்சம் பெரிதாக. தூரத்தில் இருந்து பார்க்கும்போது முதலில் காணாமல் போவது புள்ளிதான், புள்ளி போனால் பெயரே வேறாகிவிடும். ‘கண்டாவளை’ என்று எழுதுகிறவர் ‘ண்’ணின் மூன்று சுழியையும் ஒட்டுவதற்கு முன்னால் விரல் வைத்து எண்ணட்டும்.

ஒட்டுகிற முறை இப்படி. சீமெந்துப் பையின் உள்ளே இருக்கிற சுத்தமான மண்ணிறக் கடதாசியை விரித்து அதில் பெயரைத் தடித்த பேனையால் எழுதுங்கள். அதை யன்னல் கண்ணாடியில் மறுபக்கமாகப் பிடித்தால் எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பித் தெரியும், அந்தத் திரும்பின கோட்டின் மேல் மீண்டும் வரையுங்கள். இப்போது கோதுமை மாவைக் காய்ச்சிக் கஞ்சிப் பதத்தில் பசை எடுத்து, துண்டுகளின் மினுக்க முகம் கடதாசியில் படுகிற மாதிரி ஒவ்வொன்றாக ஒட்டுங்கள். திரும்பின எழுத்தின் மேல்தான் ஒட்ட வேண்டும், ஏனென்றால் சுவரில் வைக்கும்போது கடதாசி வெளிப்பக்கம் வரும், எழுத்து நேராகிவிடும். காய்ந்ததும் ஓர் எழுத்து ஒரு தாளாக வெட்டி, பின்னால் இலக்கமும் மேல்பக்கம் எது என்று அம்புக்குறியும் போடுங்கள். சுவரில் பசை இழைத்து, தாளை வைத்து, தட்டைப் பலகையால் மெதுவாகத் தட்டி அமர்த்துங்கள். ஒரு நாள் கழித்துக் கடதாசியைப் பஞ்சால் நனைத்தால் மாப்பசை இளகும், ஒரு மூலையில் பிடித்து உரித்தால் எழுத்து வெளியே வரும். வாசிகசாலைத் திண்ணையில் பிள்ளைகளை வைத்தே இந்த ஒட்டுகிற பகுதி முழுவதையும் செய்யலாம். தங்கள் கையால் தங்கள் ஊர்ப் பெயரை ஒட்டின பிள்ளை அந்தச் சுவரில் நோட்டீஸ் ஒட்ட விடாது.

பதிப்பது, காற்றைக் கவனிப்பது

கீழிருந்து இரண்டாவது வரிசையின் அடியில் ஒரு நேர்ச்சட்டத்தை நீர்மட்டம் பார்த்து ஆணியடித்து, அதன் மேல் தொடங்குங்கள். நிலத்தை நம்பி முதல் வரிசை வைக்காதீர்கள், எந்த நிலமும் மட்டமில்லை. நடுக்கோட்டுக்குத் தூக்குக்குண்டு. பசையைப் பல் வைத்த கரண்டியால் ஒரே திசையில் இழுத்து, துண்டின் முதுகிலும் மெல்லியதாக ஒரு பூச்சுக் கொடுத்து, அழுத்தி ஒரு நூல் நகர்த்தி வையுங்கள். நாலு முனையில் பொட்டு வைத்து ஒட்டுகிற பழக்கம் வெளிச்சுவரில் வேண்டாம், உள்ளே வெறுமை இருந்தால் மழைத்தண்ணீர் போய்க் குடியிருக்கும்.

காற்று. சோளகம் அடிக்கிற மாதங்களில் பசையின் மேல் ஐந்து பத்து நிமிடத்திலேயே ஆடை படிந்துவிடும், பால் ஆறினால் படிகிற மாதிரி. பார்த்தால் ஈரமாகத்தான் தெரியும். ஓர் ஆவணி மாதம் ஒரு மண்டபத்தின் வெளிச்சுவரில் இதைக் கவனிக்காமல் இரண்டு சதுர மீற்றர் ஒரேயடியாகப் பசை இழைத்து வைத்துப் பதித்தேன். மூன்று மாதத்தில் மாரி மழை தொடங்கியதும் துண்டுகள் கழன்று விழுந்தன, எடுத்துப் பார்த்தால் முதுகு துடைத்து வைத்தது போல வெறுமையாக இருந்தது, ஒரு பொட்டுப் பசை ஏறவில்லை. முழுவதையும் என் செலவில் திருப்பிச் செய்து கொடுத்தேன். அன்றிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் பசை இழைப்பதில்லை, ஒவ்வொரு தடவையும் விரலால் தொட்டுப் பார்ப்பேன், விரலில் ஒட்டவில்லை என்றால் சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுவேன். காற்றுப் பக்கமும் வெயில் பக்கமும் கிடுகோ தறப்பாளோ கட்டி மறையுங்கள். காலை பத்து மணிக்குள்ளும் பின்னேரம் நாலுக்குப் பிறகும்தான் வேலை.

ஒரு நாள் விட்டு இடைவெளியை நிரப்புங்கள். வெள்ளைக் கலவை வேண்டாம், எங்கள் செம்புழுதியில் ஒரு மாதத்தில் பழுப்பாகும், சாம்பல் நிறம் எடுங்கள். பஞ்சை மூலைவாட்டில் இழுத்துத் துடைத்தால் இடைவெளிக்குள் இருக்கிறது வெளியே வராது. கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தன்மையானது என்றால் கடைசித் துடைப்பை மழைத்தண்ணீரில் செய்யுங்கள், இல்லாவிட்டால் காய்ந்ததும் பால் தெளித்த மாதிரி ஒரு படலம் நிற்கும். மேல் வளையோடும் பக்கத் தூணோடும் ரைல் சேருகிற இடத்தில் மட்டும் சீமெந்துக் கலவை போடாமல் சிலிக்கன் போடுங்கள். மத்தியான வெயிலில் சுவர் விரிய இடம் வேண்டும், இடம் கொடுக்காவிட்டால் அது நடுவில் பொம்மி வெடிக்கும்.

பழைய வேலை ஏற்கெனவே இருந்தால்

இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதத் தொடங்கினேன்.

2010இல் நாங்கள் திரும்பி வந்தபோது எங்கள் சந்தியை எங்களால் அடையாளம் காண முடியவில்லை. மரம் இல்லை, கடை இல்லை, மதில் இல்லை, ஒரே பற்றை. அம்மாதான் முன்னால் நடந்து போனவர் திடீரென்று குந்தி இருந்து கையால் மண்ணை விலக்கினார். பழைய வாசிகசாலையின் வாசற்படி. சிவப்புச் சீமெந்து பூசி, நடுவில் உடைந்த பீங்கான் கோப்பைத் துண்டுகளால் ஒரு தாமரை பதித்திருப்பார்கள், நீல விளிம்பு வைத்த வெள்ளைத் துண்டுகள், எட்டு இதழ். அதிலே மூன்று இதழ் மிஞ்சி இருந்தது. ‘இதுதான் சந்தி, எங்கடை ஒழுங்கை அந்தா அங்காலை’ என்று எழும்பிக் கை காட்டினார். அந்த மூன்று இதழ் இல்லாவிட்டால் அன்றைக்கு நாங்கள் எத்தனை மணித்தியாலம் அலைந்திருப்போமோ.

சில வருடம் கழித்து அதே இடத்தில் புதுக் கட்டடம் எழும்பியது. வேலைக்கு வந்தவர்கள் ஒரு காலையில் அந்தப் படியை உடைத்து அத்திவாரத்துக்குள் போட்டுவிட்டார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது கல்லுக்குள் பொறுக்கி எடுத்தது ஏழு துண்டு.

ஆகவே புதுப்பிக்கிற வேலை என்றால் உடைப்பதற்கு முன்னால் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். நேராக நின்று, வெளிச்சம் சரிவாக விழுகிற நேரத்தில் படம் எடுங்கள், பக்கத்தில் அளவுகோலை வைத்து. பொலித்தீனை மேலே விரித்துக் கோலத்தை அதே அளவில் பேனையால் பிரதி எடுங்கள். துண்டுகளுக்குச் சோக்கால் இலக்கம். தட்டிப் பார்த்துப் பிடிப்பாக இருக்கிறதைத் தொடாமல் விட்டு, கழன்றதை மட்டும் முதலில் இடைவெளிக் கலவையை வெட்டி, பிறகு ஓரத்தில் இருந்து உளியைச் சரித்துப் பிடித்து எடுங்கள். நடுவில் நேராகக் குத்தினால் பக்கத்துத் துண்டும் சேர்ந்து போகும்.

லண்டன்காரரும் எல்லாவற்றையும் காப்பாற்றவில்லை. 1980களில் சில நிலையங்களில் லெஸ்லி கிறீனின் ரைல்ஸை மூடிப் புதியது அடித்தார்கள். ரொட்டன்ஹாம் கோர்ட் றோட்டில் எடுவார்டோ பவுலோசி 1980களில் செய்த பெரிய கண்ணாடி மொசைக், நிலையத்தைப் பெரிதாக்கியபோது பெரும்பகுதி தப்பியது, மின்படிக்கு மேலே இருந்த வளைவுகளை 2015இல் கழற்றினார்கள். சனம் கோபப்பட்டது. கழற்றிய துண்டுகள் அவர் பிறந்த எடின்பரோவின் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பின்னாளில் பழைய கோலத்தைப் பேண வேண்டிய நிலையங்களுக்கு, அயன்பிறிஜ் பக்கத்தில் ஜாக்ஃபீல்ட் என்ற இடத்தில் இருக்கிற பழைய தொழிற்சாலையில் அதே நிறம், அதே மினுக்கம் வருகிற மாதிரி ரைல்ஸ் செய்வித்துப் பதித்தார்கள்.

நான் ஆகவும் நேரம் நின்று பார்த்தது ஆர்சனல் நிலையத்தில். 1906இல் திறந்தபோது அதன் பெயர் கிலெஸ்பி றோட். 1932இல் பெயரை மாற்றினார்கள். மேடைச் சுவரில் இன்றைக்கும் பெரிய எழுத்தில் கிலெஸ்பி றோட் என்றே இருக்கிறது. புதுப் பெயர் பலகையில், பழைய பெயர் சுவரில், இரண்டும் ஒன்றாக. யாரும் குழம்பவில்லை. பெயர் மாறின ஊர்கள் எங்களிடமும் இருக்கின்றன. பழைய பெயர் ஒரு கல்லிலோ படியிலோ மிஞ்சியிருந்தால் அதைப் புதுச்சுவரின் கீழ் மூலையில் அப்படியே வைத்துக் கட்டுங்கள்.

அந்த மாதிரித் துண்டுகளைப் புதுக் கோலத்தில் சேர்க்கும்போது அவற்றின் தடிப்பு வேறாக இருக்கும். கோப்பைத் துண்டு 4 மில்லிமீற்றர், ரைல் 8. பின்னால் பசையைக் கூட்டி முகமட்டத்தை ஒன்றாக்குங்கள், கை வைத்துத் தடவினால் எங்கும் தட்டக்கூடாது. நிறம் பொருந்தாது, பொருந்த வைக்கவும் வேண்டாம். பழையது பழையதாகத் தெரியட்டும். எங்கள் தரிப்பிடச் சுவரில் புதுத் தாமரை ஒன்று செய்தோம், எட்டு இதழ், ஏழு இதழின் நுனியில் அந்த ஏழு துண்டும் ஒவ்வொன்றாக இருக்கிறது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, நீல விளிம்பு வெளிப்பக்கம் பார்க்க வேண்டும், நான் இரண்டைத் திருப்பி வைத்துவிட்டேன் என்றார். பசை இளகி இருந்தது, அப்போதே கழற்றிச் சரியாக வைத்தேன்.

பிறகு பார்த்துக்கொள்வது

மாதத்துக்கு ஒருதடவை வெறும் தண்ணீரும் கொஞ்சம் சவர்க்காரமும். கழிவறைக்கு ஊற்றுகிற அசிட்டைக் கிட்டக் கொண்டுவராதீர்கள், இடைவெளிக் கலவையைத் தின்றுவிடும். வருடத்தில் ஒரு தடவை, மாரிக்கு முன்னால், சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சுவர் முழுக்கத் தட்டுங்கள், பொக்கென்ற இடத்தைச் சோக்கால் வட்டம் போட்டு அந்தக் கிழமையே கழற்றி ஒட்டுங்கள். ஒவ்வொரு நிறத்திலும் மூன்று முழு ரைல், மீந்த எழுத்துத் துண்டுகள், கொப்பியில் வரைந்த கோலம், தொகுதி இலக்கம் எழுதின பெட்டி மூடி, எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி வாசிகசாலை அலுமாரியின் அடித்தட்டில் வையுங்கள். பையின் வெளியே எந்தச் சுவருக்கு என்று எழுதுங்கள்.